படத்துக்கு வயது உண்டு, பண்டத்துக்கு?

7, 13, 16! ஏலக்கடைக் கூப்பாடல்ல இது. நம் வீட்டுப் பிள்ளைகள் எந்த வயதில் எந்தப் படம் பார்க்கலாம் என்று டில்லி போட்டுக் கொடுத்திருக்கும் கணக்கு!

1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனைவரும் பார்க்கத்தக்க படத்துக்கு ‘யு’ என்றும், வயது வந்தோருக்கு மட்டுமே உரிய படத்துக்கு ‘ஏ’ என்றும் சான்றிதழ் தந்தனர். 1983இல், பெற்றோர் வழிகாட்டப் பிள்ளைகளும் பார்க்கலாம் என்னும் ‘யுஏ’ வந்து சேர்ந்தது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, அந்த ‘யுஏ’வையும் 7, 13, 16 என மூன்று கூறாக்கினர்.

தவறா? தவறென்று நாம் கூறவில்லை. திரையிலே அரிவாள் வீசப்படும்போது, குருதி பீறிடும்போது, தாயின் மடியிலே முகம் புதைத்து நடுங்கும் பிஞ்சுகளைக் கொட்டகைகளில் நாம் காணாமலா இருக்கிறோம்? அந்தப் பிஞ்சுக்கு அது வேண்டாம் என்று முன்கூட்டி ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லதே. அதிலும், ‘ஏ’ சான்றிதழ்தான் வாயிலிலே நிறுத்தும் தடை. ‘யுஏ’ என்பதோ பெற்றோருக்குக் கூறப்படும் யோசனை. முடிவு செய்யவேண்டியவர்கள் தாயும் தந்தையும்தான். சட்டமே அப்படித்தான் விட்டிருக்கிறது.

ஆனால், யோசனை கூறினால் போதுமா? கேட்பதற்குக் காது வேண்டாமா?

நிலவைக் காட்டிச் சோறூட்டிய காலம் ஒன்று இருந்தது. இன்று கைப்பேசியைக் காட்டி ஊட்டுகிறோம். பிள்ளையின் கண் திரையிலே. வாய் தானாகத் திறக்கிறது. என்ன தின்றோம் என்று அதற்கும் தெரியாது, என்ன பார்த்தது என்று நமக்கும் தெரியாது! இணையவழிப் படங்களுக்கும் வயதுக் குறி வேண்டும், 13 வயதுக் குறியும் அதற்கு மேற்பட்டதும் உள்ள படங்களுக்குப் பெற்றோர் பூட்டுப்போட வசதி வேண்டும் என்று 2021இல் விதி செய்தனர். பூட்டு இருக்கிறது. சாவியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டு, பூட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்?

உடனே, “பார்த்தீர்களா, இந்தக் காலத்துத் தாய்மார்களை!” என்று பழிபோடக் கிளம்புவார்கள் சில பெரியவர்கள். நாம் அந்தக் கூட்டமல்ல. விடியுமுன் எழுந்து, பொங்கி வைத்து, ஆலைக்கு ஓடி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய், கால்மணி நேரம் ஓய்வு தேடுவது குற்றமா? பிள்ளை வளர்ப்பு அவளுக்கு மட்டுந்தானா? வீட்டிலே தந்தை என்றொருவர் இருக்கிறாரே, அவருக்குப் பங்கில்லையா?

சரி, படத்தை விடுங்கள், பண்டத்துக்கு வாருங்கள். கண் வழியே நுழைவதற்கு மூன்று வயதுக் குறி. வாய் வழியே நுழைவதற்கு?

பள்ளிக்கூட வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாதென்று 2020இல் விதி வந்தது. விதி ஏட்டிலே, பொட்டலம் கடை வாசலிலே, தோரணம் போலத் தொங்கிக்கொண்டு!

அந்தப் பொட்டலத்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். சைவமானால் பச்சைக் குறி. அசைவமானால் வேறு குறி. தின்பவரின் ஆசாரம் கெடாதிருக்க அவ்வளவு அக்கறை! தின்னும் பிள்ளையின் உடல் கெடாதிருக்க? பொடி எழுத்திலே, பின்பக்கத்து மூலையிலே, பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய கணக்கு! சிலி நாடு 2016இலேயே, சர்க்கரையோ உப்போ மிகுந்தால் முன்பக்கத்திலே கறுப்பு எண்கோண முத்திரை குத்தவைத்தது. எழுத்தறியாதவரும் புரிந்துகொள்வர். இங்கோ, 2022இல் நட்சத்திரம் போடலாமா என்று ஒரு வரைவு வந்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்துக் கேட்கவேண்டியிருந்தது. சினிமாவுக்கு இருக்கும் சுறுசுறுப்பு சர்க்கரைக்கு வரவில்லை. காரணம் என்ன? படமெடுப்பவனை மிரட்டுவது எளிது. பண்டம் விற்கும் பெருமுதலாளியைத் தொடுவது கடினம்!

இவற்றையெல்லாம்விடக் கொடியதொரு நஞ்சு உண்டு. அதற்கு எந்தக் குறியும் கிடையாது.

நம் நாட்டிலே, பிள்ளையின் பசியை அரசின் கடமையாக்கியது நீண்ட வரலாறு. 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்திலே, சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பகலுணவு தரப்பட்டது. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று, 1,545 அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. கட்சிகள் மாறின, சோற்றுப்பானை இறங்கவில்லை. அதுவே தமிழ்நாட்டின் பெருமை.

அந்தச் சோற்றைத்தான், சமைத்த பெண் தாழ்த்தப்பட்ட சாதி என்பதற்காக, தின்னக்கூடாதென்று தங்கள் பிள்ளைகளைத் தடுத்தனர் சில ஊர்ப் பெற்றோர். 2023இல் செய்தித்தாள்களிலே படித்துத் தலைகுனிந்தோம்.

எண்ணிப் பாருங்கள்! ஆறு வயதுப் பிள்ளை. பசியோடு வந்திருக்கிறது. எதிரே சூடான பொங்கல். “தொடாதே” என்கிறது பெற்றவரின் குரல். எந்தப் படத்து வன்முறை, ஐயா, இதைவிட ஆழமாக அந்த நெஞ்சிலே பாயும்? எந்தப் பொட்டலத்து நச்சு இதைவிட நெடுநாள் உடலிலே தங்கும்? இந்தக் காட்சிக்கு எந்த வாரியம் ‘ஏ’ சான்றிதழ் தரும்?

ஆகவே பெற்றோரே, நாம் கேட்பது அதிகமல்ல. படத்தின் குறியைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்திலே அமருங்கள். அது கேள்வி கேட்டால் அதட்டாமல் விடை கூறுங்கள். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். ஆட்சியாளரிடம், அதை முன்பக்கத்திலே, தமிழிலே, பெரிய எழுத்திலே போடச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்திலே அமர்ந்து உண்ணும் பிள்ளையின் சாதியை மட்டும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். 7 வயதிலும் வேண்டாம்; 13இலும் வேண்டாம்; 16இலும் வேண்டாம். எந்த வயதுக்கும் ஆகாத பாடம் அது!