சுவருக்குப் பின்னே எண்ணெய் வார்ப்பவர்

ஆத்துமப் போராட்டத்திலே தேவனையே சார்ந்திருக்க வேண்டும் என்று போதகர் கூறக் கேளாத கிறிஸ்தவர் இலர். ஆயினும், சார்ந்திருத்தலாவது யாது என ஒருவன் வினவுவானாயின் விடை கூறல் எளிதன்று. பலர் அதனை உள்ளத்தில் தோன்றும் ஓர் அமைதியென்றே கொள்கின்றனர். அவ்வமைதி குலைந்த நாளிலே தேவனும் தம்மைக் கைவிட்டார் எனக் கலங்குகின்றனர். இம்மயக்கம் தெளிய ஜான் பன்யனுடைய சரித்திரம் பெரிதும் உதவும். ஆங்கில உரைநடைக்கு மாதிரியாக மாத்திரம் அவரைப் படித்துவிட்டுப் போகும் மாணவர், அவர் எதற்காக எழுதினாரோ அதனை இழந்து போகின்றனர்.

பன்யன் 1628-ஆம் ஆண்டில், பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பழைய பாத்திரங்களைப் பழுது பார்த்தல் அவருடைய குலத்தொழில். மனந்திரும்பிய பின்னரே அவருக்குக் கொடிய போராட்டம் நேர்ந்தது. கிறிஸ்துவை விற்றுவிடும்படி ஏவும் ஓர் எண்ணம் உண்ணும்போதும் உழைக்கும்போதும் ஓயாது அவரைத் தொடர்ந்தது. ஒரு நாட்காலை, போராடிக் களைத்துப் படுக்கையிற் கிடக்கையில், தம் மனம் அதற்கு இணங்கிவிட்டது என எண்ணினார். அன்று முதல், சேஷ்டபுத்திரபாகத்தை விற்ற ஏசாவே தாம் என்று ஏறக்குறைய ஈராண்டு நைந்தார். ஏடுகள் உதிரும் நிலையிலிருந்த பழம்பிரதி ஒன்று, கலாத்தியருக்கு லுத்தர் எழுதிய விரிவுரை, அவர் கைக்கு எட்டியது. தம் நோயையே அந்நூல் பேசக் கண்டு, வேதத்திற்கு அடுத்தபடியாக அதனைப் போற்றினார். எனினும் நோய் உடனே தீர்ந்ததில்லை.

தீர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. ஒரு நாள் வயல்வெளியிற் செல்லுகையில், தமது நீதி பரலோகத்தில் இருக்கிறது என்னும் எண்ணம் அவருள்ளத்திற் பாய்ந்தது. தேவனுடைய வலதுபாரிசத்தில் வீற்றிருக்கும் கிறிஸ்துவே அந்நீதி. ஆகவே, தமது மனம் நன்னிலையில் இருப்பதால் அது பெருகுவதும் இல்லை. தீநிலையில் இருப்பதால் குறைவதும் இல்லை. அதுகாறும் தம் நெஞ்சையே நாடிபார்த்துக் கொண்டிருந்தவர், தமக்குப் புறம்பே நிற்கும் ஒருவரை நோக்கத் தொடங்கினார். சார்ந்திருத்தல் என்பது இதுவே. நெஞ்சின் அலைகள் அதன்பின்னும் ஓய்ந்துவிடவில்லை என்பதை அவரே மறையாது எழுதியிருக்கிறார்.

1660-இல் அவர் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என ஒப்புக்கொண்டிருந்தால் விடுதலை கிட்டியிருக்கும். பார்வையற்ற மகள் ஒருத்தி வீட்டிலிருந்தாள். ஆயினும் அவர் இணங்கவில்லை. சிறைவாசம் ஏறக்குறையப் பன்னீராண்டு நீண்டது. தம் ஆத்தும சரித்திரத்தை 1666-இலும், மோட்சப் பிரயாணத்தின் முதற்பாகத்தை 1678-இலும் வெளியிட்டார். பின்னதனைத் தழுவியே நம் நாட்டுக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அது 1894-இல் வெளிவந்தது.

மோட்சப் பிரயாணத்தில் வரும் வியாக்கியானியின் வீட்டுக் காட்சியைப் பன்யனுடைய அநுபவத்தோடு ஒட்டி நோக்குக. சுவரோரத்தில் நெருப்பு எரிகிறது. ஒருவன் ஓயாது நீர் சொரிகிறான். நெருப்போ மேன்மேலும் கொழுந்து விடுகிறது. காரணம் முன்னிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது. சுவருக்குப் பின்னே கிறிஸ்து மறைவாய் நின்று கிருபையென்னும் எண்ணெயை வார்த்துக் கொண்டிருக்கிறார். நீர் சொரிபவன் நிறுத்தப்படவில்லை என்பதையும், எண்ணெய் வார்ப்பவர் எரியும் நெருப்புக்குத் தோன்றுவதில்லை என்பதையும் வாசகர் மறவாதிருப்பாராக.

பிற்பாடு, கிறிஸ்தியானும் அவன் தோழனும் சந்தேகக் கோட்டையில், அவநம்பிக்கை என்னும் இராட்சதன் கையிலே, புதன்கிழமை முதல் உணவும் ஒளியுமின்றிக் கிடக்கின்றனர். சனிக்கிழமை நள்ளிரவிலே ஜெபிக்கத் தொடங்குகின்றனர். விடியுமுன், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பதைக் கிறிஸ்தியான் நினைவு கூருகிறான். அது புதிதாய் வந்ததன்று. உள்கதவுகள் எளிதில் திறந்தன. புறத்தேயுள்ள இரும்புக் கதவின் பூட்டு மிக வருத்தியே திறந்தது. கதவின் ஓசையால் இராட்சதனும் விழித்துக்கொண்டான். ஆனால் அவன் கைகால்கள் தளர்ந்தமையால் தொடரக் கூடவில்லை. தப்பிய இருவரும், பின்வருவோர் அவ்வழியே சென்று சிக்காதபடி ஒரு தூண் நாட்டி, அதில் எச்சரிப்பைப் பொறித்துவிட்டுத் தம் பிரயாணத்தைத் தொடர்ந்தனர்.