நெல்லை விற்கும் வேலை நடவிலேயே தொடங்குகிறது

கார்த்திகை தீபம் முடிந்து தீபக் கொப்பரை மலையிறங்கிய கையோடு திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் நவரைப் பருவ நெல்லுக்கு நாற்று விடுவார்கள். நட்டது பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும். அரைக் காணி, ஒரு காணி வைத்திருப்பவர்களில் பலருக்கு அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பட்டா: முதலில் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தாலோ, சர்வே எண்ணின் உட்பிரிவு தவறாக இருந்தாலோ இப்போதே மாறுதலுக்கு மனு கொடுங்கள். அறுவடை நேரத்தில் இது நடக்காது.

2. அடையாள எண்: விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணைப் பெறுங்கள். ஆதார், அதோடு இணைந்த செல்போன், பட்டா மூன்றும் வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கே இந்த எண்ணைக் கேட்கிறார்கள்.

3. அடங்கல்: எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பருவத்தில், என்ன பயிர் என்பதைச் சொல்லும் கிராமக் கணக்கு இது. நடவு முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, நெல் என்று பதிவாகியிருக்கிறதா எனக் கேளுங்கள். பரப்பும் சரியாக இருக்க வேண்டும். ஒரு ஏக்கர் நட்டு அரை ஏக்கர் என்று பதிவானால், மீதி அரை ஏக்கர் நெல்லை வியாபாரி சொன்ன விலைக்குத்தான் தள்ள வேண்டியிருக்கும்.

4. காப்பீடு: அடங்கலைக் கையோடு கொண்டுபோய் வங்கியிலோ இ-சேவை மையத்திலோ பயிர்க் காப்பீடு செய்துவிடுங்கள். சம்பா, நவரை நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

5. முன்பதிவு: கதிர் முற்றும்போது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்துடன் கொள்முதலுக்கு இணையத்தில் பதிவு செய்யுங்கள். நெல்லைக் கொண்டுவர வேண்டிய நாள் செல்போனுக்கு வரும்.

6. காயவைத்தல்: ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெஷினில் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். ஒரு நிலையத்தில் பெரியவர் ஒருவரின் நெல்லை மீட்டரில் வைத்தபோது 19 காட்டியது. அவர் பேசாமல் தார்ப்பாயை விரித்துக் கொட்டினார். அரை மணிக்கொரு முறை காலால் கோதிவிட்டார். மறுநாள் பிற்பகல் ஒரு நெல்மணியை எடுத்துக் கடித்தார், நொறுக்கென்று உடைந்தது. "இப்ப வைங்க தம்பி" என்றார். மீட்டர் 16 காட்டியது. இரண்டு நாள் வெயிலை வீட்டுக் களத்திலேயே காட்டிவிட்டால், நிலையத்து வாசலில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. பதரையும் கருக்காயையும் தூற்றிவிடுங்கள்.

7. எடை: கைரேகை வைத்ததும் 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பார்கள். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டுக் கொள்முதல் விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். பொது ரகத்தில் ஒரு மூட்டைக்குச் சரியாக 1,000 ரூபாய். எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரும். குறை இருந்தால், வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் எழுதிக் கொடுங்கள்.

இந்த ஏழு படியிலும் முதல் படியிலேயே இடறுபவர்கள் குத்தகைக்காரர்கள். சேற்றில் இறங்குவது அவர்கள். பட்டா வேறொருவர் பெயரில். நிலம் உள்ளவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் நிலத்தை உழுகிறவர் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். அவர்தான் பயிரிடுகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தை இல்லாமல், அவர் விளைவித்த நெல்லுக்கு அரசு விலை கிடைப்பது கடினம்.