ஒருத்தருக்கு இத்தனை பேரா, அம்மா?

வடபழனியில் ‘ஆண்டவர் கோயில்’ என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் முருகன் கோயில் வாசலில் இறக்கிவிடுவார். 1890 வாக்கில் அண்ணாசாமி நாயக்கர் ஒரு கீற்றுக் கொட்டகையில் பழநி முருகன் படத்தை வைத்துக் கும்பிடத் தொடங்கிய இடம் அது. கோயிலின் முறையான பெயரே வடபழநி ஆண்டவர் திருக்கோயில்தான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிறிஸ்தவ வீடுகளில் இரவு ஜெபம் ‘ஆண்டவரே’ என்று தொடங்குகிறது. அந்த வீட்டு நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டும் காதில் விழும். “எந்த ஆண்டவர்?” என்று ஒருநாள் கேட்டே தீரும். கேட்டால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. ஆண்டவர் என்பது மரியாதைச் சொல். பக்கத்து வீட்டில் முருகனை அப்படிக் கூப்பிடுகிறார்கள், நாம் இயேசுவைக் கூப்பிடுகிறோம் என்று சொன்னால் போதும். அந்தக் கேள்விக்குள் குழந்தையின் மூளை செய்துகொண்டிருக்கும் வேலைதான் பெரிய அதிசயம்.

சொற்களைக் கற்கத் தொடங்கும் குழந்தை, ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்று தானாகவே ஒரு விதி வைத்துக்கொள்கிறது. 1988-இல் எலன் மார்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் சகாவுடன் சேர்ந்து இதை அழகாகக் காட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளின் முன்னால் இரண்டு பொருள்கள்: ஒன்று அவர்களுக்குப் பெயர் தெரிந்தது, இன்னொன்று தெரியாதது. இதுவரை கேட்டறியாத ஒரு சொல்லைச் சொல்லி ‘அதைக் காட்டு’ என்றால், பிள்ளைகள் பெரும்பாலும் பெயர் தெரியாத பொருளையே காட்டினார்கள். தெரிந்த பொருளுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே! மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்ள உதவும் குறுக்குவழி இது. ஆனால் ஒரே ஆளை இயேசு, கிறிஸ்து, இம்மானுவேல், மேய்ப்பர், மீட்பர் என்று நாம் வரிசையாக அழைக்கும்போது இந்த விதி குறுக்கே நிற்கும். இத்தனை பேரும் யார் என்று குழந்தை தேடும்.

நல்லவேளையாக, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த விதி சீக்கிரமே தளர்ந்துவிடும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. கனடாவில் கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைனும் ஜேனட் வெர்க்கரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதில் ஒரே மொழி கேட்டு வளரும் குழந்தைகளிடம் இந்த விதி தெளிவாகத் தெரிந்தது. இரண்டு மொழி கேட்பவர்களிடம் மங்கலாகத் தெரிந்தது. மூன்று மொழி கேட்பவர்களிடம் தென்படவே இல்லை. சினிமா ஸ்டுடியோக்களை நம்பித் தெலுங்குக் குடும்பங்கள் குடியேறிய வடபழனியில், வீட்டில் ஒரு மொழி, வாசலில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்கு, தண்ணீருக்கே மூன்று பெயர் உண்டு என்பது பேச்சு வரும்போதே தெரிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய பயிற்சி நம் உறவுமுறையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தண்ணி கேன் போடுகிறவர் “சார்” என்கிறார். ஊரிலிருந்து வந்த அத்தை “அண்ணா” என்கிறாள். அத்தை மகன் “மாமா” என்று ஓடிவருகிறான். பாட்டி உள்ளேயிருந்து “தம்பி, காப்பி ஆறுது” என்கிறாள். எல்லாம் ஒரே அப்பா. பெயர்ப் பாடத்தை வேதப் புத்தகத்திலிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். “அப்பாவை யார் யார் எப்படிக் கூப்பிடுறாங்க, சொல்லு?” என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை விரல்விட்டு எண்ணும். ‘அப்படியே இயேசுவுக்கும்’ என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

இதிலும் ஒரு படி உண்டு. ழான் பியாஜே 1920-களில் ஜெனீவாவில் சிறுவர்களிடம் கேட்டுப் பார்த்தது இது. “உனக்கு அண்ணன் தம்பி உண்டா?” “உண்டு.” “உன் தம்பிக்கு அண்ணன் உண்டா?” “இல்லை.” தானே அந்த அண்ணன் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. உறவுச் சொல் ஒருவர் மேல் ஒட்டிய சீட்டு அல்ல, இருவருக்கு நடுவே ஓடும் கயிறு என்பது புரியச் சில ஆண்டுகள் ஆகின்றன. தாவீதின் மகன், மரியாளின் மகன், தச்சன் மகன், மனுஷகுமாரன், தேவகுமாரன் எல்லாம் இப்படி ஓடும் கயிறுகள். ஐந்து வயதில் மரியாளின் மகன் போதும். தாவீது யார், அவருக்கும் இயேசுவுக்கும் இடையே எத்தனை தலைமுறை என்பதை ஒன்பது பத்து வயதில் வரைந்தே காட்டலாம். மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கமே வம்ச வரிசைதான்.

கிறிஸ்து என்பதைப் பிள்ளைகள் பலர் இன்ஷியல் போல, அப்பா பெயர் போல எடுத்துக்கொள்கிறார்கள். அது பட்டம், எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்ற பொருளில் மேசியா என்பதற்கான கிரேக்கச் சொல் என்று சொன்னால் மட்டும் நிற்காது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் நல்லெண்ணெய் எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் தொட்டுவைத்து, பழைய இஸ்ரவேலில் ராஜாவையும் ஆசாரியரையும் இப்படித்தான் நியமித்தார்கள் என்று சொல்லுங்கள். மறக்காது.

ஏன் மறக்காது? 1987-இல் பிரிட்டனில் நான்கு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பேக்கர் என்பது ஆங்கிலத்தில் குடும்பப் பெயராகவும் வரும், ரொட்டி சுடுபவர் என்று தொழிலாகவும் வரும். ஒரே சொல், ஒரே ஒலி. ஆனால் தொழிலாகக் கற்றபோது எளிதில் நினைவுக்கு வந்தது. பெயராகக் கற்றபோது நழுவியது. ரொட்டி சுடுபவர் என்றதும் அடுப்புச் சூடு, மாவு, வாசனை எல்லாம் கூடவே வருகின்றன. அவற்றில் எதைப் பிடித்தாலும் சொல் கிடைத்துவிடும். வெறும் பெயருக்குப் பிடிமானம் இல்லை. முகம் தெரிந்தும் பெயர் வராமல் நாம் கல்யாண வீட்டில் திண்டாடுவதும் இதனால்தான்.

வேதப் பாடத்துக்கு இதன் அர்த்தம் பெரிது. பட்டப்பெயர் என்பது தொழிற்பெயர் மாதிரி. பொருளோடு வரும்போது தானே நிற்கும். பொருள் தெரியாவிட்டால் பட்டமும் வெறும் பெயராகிவிடும். வடபழனி ஆற்காடு சாலையில் வளரும் குழந்தைக்கு மேய்ப்பர் என்றால் என்ன தெரியும்? அது பார்த்த ஆடு கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆடு. நல்ல மேய்ப்பர் என்று நூறு முறை சொல்ல வைத்தாலும் ஒலிதான் ஏறும்.

ஆகவே கோடை விடுமுறையில் தெற்கே போகும்போது ஓர் ஆட்டுக்கிடையைக் காட்டுங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி மந்தையோடு நடப்பவர்கள். எருவுக்காக இரவில் வயலில் கிடை போடுகிறார்கள். பெரிய ஆடுகள் வலைக்குள். பால்குடி மாறாத குட்டிகள் கவிழ்த்த கூடைக்குள். கீதாரி பக்கத்திலேயே, வெட்டவெளியில் படுக்கை. நரி வந்தால் முதலில் விழிப்பது அவரும் நாயும். காலையில் கூடையைத் தூக்கியதும் ஒவ்வொரு குட்டியும் தன் தாயைத் தேடி ஓடும். இதை ஒருமுறை பார்த்த பிள்ளையிடம் மேய்ப்பர் என்ற பட்டத்தை விளக்கவே வேண்டாம்.

ஆட்டைப் பற்றியும் சொல்ல ஒன்று இருக்கிறது. மந்தப் பிராணி என்று நாம் நினைக்கும் செம்மறி ஆடு, முகங்களை மறப்பதில்லை. கீத் கெண்ட்ரிக்கின் குழு 2001-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியபடி, ஓர் ஆடு 50 ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நினைவில் வைத்திருக்கிறது. 2017-இல் கேம்பிரிட்ஜில் ஜென்னி மார்ட்டன் குழு ஆடுகளுக்கு பராக் ஒபாமா உள்ளிட்ட பிரபலங்களின் படங்களை அடையாளம் காணப் பழக்கியது. ஆனால் தங்களைப் பராமரிப்பவரின் படத்தை, எந்தப் பயிற்சியும் இல்லாமலே ஆடுகள் பெரும்பாலான முறை சரியாகக் கண்டுகொண்டன. ஆடுகள் தம் மேய்ப்பரை அறியும் என்று யோவான் நற்செய்தி பேசுவதைப் பிள்ளைக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் அதன் கண் விரியும்.

வீட்டில் பிள்ளைகள் வழியாக மறைக்கல்வி என்பது தமிழில் புதிதல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைச் சேர்த்தார். தமிழ் அவருக்குச் சரியாக வராது. பிறர் துணையோடு மொழிபெயர்த்த ஜெபங்களை மனப்பாடம் செய்தே சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவர்களைக் கேட்டுக்கொண்டதை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். அவருக்குப் பின் வந்த அண்டிறிக்கு பாதிரியார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’தான் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ இன்னும் வியப்பானது. அதன் மூலம், போர்ச்சுகலில் மார்க்கோஸ் ஜோர்ஜ் சிறுவர்களுக்குக் கற்பிக்கவென்றே உரையாடலாக எழுதிய புத்தகம். தமிழ் அச்சு பிறந்த மறுவருஷமே சிறுவர்களுக்கான வினா-விடைப் புத்தகத்தைத் தந்துவிட்டது!

வினா-விடையின் பலத்தை ஆய்வுக்கூடம் பிற்பாடு கண்டது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் காட்டியபடி, ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டுத் தாமே நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். நினைவிலிருந்து எடுப்பதுதான் நினைவை உறுதியாக்குகிறது. ஆகவே சாப்பாட்டு மேசையில் பட்டங்களை நாம் ஒப்பிக்க, பிள்ளை தலையாட்டுவதால் பயன் குறைவு. “இருட்டில் பயந்தால் இயேசுவை என்ன பேர் சொல்லிக் கூப்பிடலாம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாம் பொறுமையில்லாமல் பதிலை எடுத்துக்கொடுப்பதுதான் பெரிய கெடுதல்.

பாட்டும் உதவும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தால் சொற்கள் நன்றாக நிற்கின்றன என்று வாண்டா வாலஸ் 1994-இல் எழுதினார். ஆனால் பாட்டில் கற்றது வரிசையாகத்தான் வரும்; நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் பிள்ளை முதலிலிருந்து பாடிப்பார்க்கும். எனவே பாட்டுக்குப் பிறகு கேள்வி அவசியம்.

இடைவெளி விட்டுக் கற்பதற்கும் திருச்சபையில் பழைய வழி ஒன்று உண்டு. டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலை ஜெபத்தில் நாளுக்கு ஒரு பட்டமாக ஏழு பட்டங்களால் இயேசுவை வா என்று அழைப்பது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம்: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். லத்தீனில் இந்த ஏழின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘நாளை வருவேன்’ என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். வீட்டில் குடில் கட்டும் அந்த வாரத்தில் இரவுக்கு ஒரு பட்டத்தை அட்டையில் எழுதித் தொங்கவிடலாம். திறவுகோலுக்கு வீட்டுச் சாவி, விடியலுக்கு மொட்டைமாடியில் ஒரு காலை.

எல்லாவற்றிலும் கடினமானது உருவகம். எலன் வின்னரும் சகாக்களும் 1976-இல் சிறுவர்களிடம், பல ஆண்டு வேலைக்குப் பிறகு ஒரு சிறைக்காவலர் பாறையாகிவிட்டார் என்று சொல்லி, அது என்ன என்று கேட்டார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகளில் சிலர் யாரோ மந்திரம் போட்டு அவரைக் கல்லாக்கிவிட்டதாகச் சொன்னார்கள். சிலர் அவர் பாறைச் சுவர் உள்ள சிறையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். மனம் இறுகியவர் என்ற பொருள் பெரிய பிள்ளைகளுக்குத்தான் எட்டியது. ஆனால் 2020-இல் நௌசிகா புஸ்கூலூஸும் மைக்கேல் டொமசெல்லோவும் காட்டியபடி, தெரிந்த பொருள்களைக் கண்ணெதிரே வைத்தால் மூன்று வயதிலேயே எளிய புது உருவகம் புரிகிறது. ஆகக் குழந்தையிடம் குறைவது பெரும்பாலும் அனுபவம்தான். கரன்ட் போன இரவில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உலகின் ஒளி என்று சொன்னால் மூன்று வயதுக்கும் எட்டும். தேவ ஆட்டுக்குட்டிக்கு எகிப்தின் பஸ்கா இரவுக் கதை முதலில் வேண்டும். அது பொறுத்தே வரட்டும்.

அந்தக் கதையும் தெரிந்த பிறகு, கவனமாகக் கேட்கும் பிள்ளை நிச்சயம் பிடித்துவிடும்: “மேய்க்கிறவரே எப்படி ஆட்டுக்குட்டியாவும் இருப்பார்?” இதற்கு ஒரு விடையை அவசரமாகத் தைத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலைத் திறந்து ஏழாம் அதிகாரம் பதினேழாம் வசனத்தை அதையே வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே மக்களை மேய்த்து, தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது ஆட்டுக்குட்டிதான். இரண்டு பட்டங்களையும் ஒருவர் மேல் சேர்த்து வைத்தவர், அவை மோதும் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.