புகைக்கு விறகு மட்டுமா காரணம்?



இட்லி அவித்து விற்கும் நம் குழு ஒன்று சுழல்நிதியில் புது அடுப்பு கட்டியது. உள்பக்கமும் சிமெண்ட் பூச்சு. "பழைய மண் அடுப்பே தேவலை மேடம். இதுல புகையும் ஜாஸ்தி, விறகும் ஜாஸ்தி" என்றார் தலைவி. சிமெண்ட் பூசச் சொன்னதே நான்தான்! உறுதியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

விறகு சூடானதும் அதிலிருந்து ஆவி கிளம்பும். தீயாக எரிவது அந்த ஆவிதான். அது முழுசா எரிய சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூடு குறைந்த பொருள் பக்கத்தில் இருந்தால் தீயின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும், ஆவி பாதி எரிந்தும் எரியாமலும் போகும். அந்த மிச்சம்தான் புகையும் கரியும். மெழுகுவர்த்திச் சுடருக்குள் எவர்சில்வர் கரண்டியைக் காட்டிப் பாருங்கள், சட்டென்று கறுத்துவிடும்.

அடுப்புச் சுவரும் அந்தக் கரண்டி மாதிரிதான். இரும்பு சூட்டை வேகமாகக் கடத்திவிடும். சிமெண்ட் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் உமி கலந்த மண்ணைவிட அதிகமாக இழுக்கும், நேரடித் தீயில் வெடித்தும் உதிரும். உமி கலந்து பூசினால், முதல் சில நாள் தீயில் உமி எரிந்து, அந்த இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டையாகிவிடும். அதில் நிற்கும் காற்று சூட்டை லேசில் வெளியே விடாது. சுவரின் உள்முகம் சீக்கிரம் காய்ந்து சூடேறும். கெட்டி மண் சுவர் சூடேற நேரம் பிடிக்கும். காலையில் பற்றவைத்ததும் புகை அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாத்திரம்? உள்ளே தண்ணீர் இருக்கும்வரை, எவ்வளவு விறகு வைத்தாலும் அடிப்பக்கம் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். தீ எரிந்து முடிக்கும் முன்பே அதில் முட்டினால் கரி பிடிக்கும். பாட்டிமார் மூன்று குமிழ் வைத்துப் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்தியது சும்மா இல்லை. ரொம்ப உயர்த்தினாலும் சூடு வீண்.

பூச்சைக் கொத்தி எடுத்து, களிமண், உமி, சாணம் குழைத்துப் பூசி, ஒரு வாரம் காயவிட்டோம். புகை குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. கொத்தனார் கூலி வீணானதைத் தலைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்!

ஒன்று மட்டும் கவனம். அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. அடுப்பு எரியும்போதும், தணல் கனியும்போதும் கதவு ஜன்னலை மூடாதீர்கள்.