கல்லில் பதிந்த காலடி

எலும்பு கிடைத்தால்தான் பண்டைய விலங்கைப் பற்றி அறிய முடியும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நிலவியல் பயிலும் எனக்கோ, சில வேளைகளில் எலும்பைவிடக் காலடித் தடமே வலிய சான்றாகத் தோன்றுகிறது. இறந்த விலங்கின் எலும்பை வெள்ளம் வேறிடத்திற்கு அடித்துச் சென்றிருக்கக் கூடும். தடமோ, உயிருள்ள விலங்கு நடந்த இடத்திலேயே விட்டுச் சென்ற கையெழுத்து.

தடம் எவ்வாறு கல்லாகிறது? ஈரச் சேற்றில் கால் பதிகிறது. சேறு சற்று இறுகிய பின், மணலோ வண்டலோ மெல்லப் படிந்து பள்ளத்தை நிரப்புகிறது. மேலும் மேலும் படிவுகள் சேர, நெடுங்காலத்தில் அனைத்தும் பாறையாகின்றன. பின்னர் அடுக்குகள் பிரியும்போது கீழே பள்ளமும், மேலடுக்கின் அடியில் அதன் வார்ப்பும் தென்படுகின்றன.

இத்தகைய தடங்கள் அறிஞர் உலகைக் கலக்கியதும் உண்டு. மீனினத்திலிருந்தே நாற்கால் விலங்குகள் தோன்றின என்று படிக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 'டிக்டாலிக்' என்னும் உயிரின் எச்சம், 2004-ஆம் ஆண்டு கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது. அதன் துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள் இருந்தன. அதன் வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள். வரிசை ஒழுங்காக அமைந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

ஆனால் 2010-இல் போலந்து, சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். போலந்தின் ஸாஹெவ்மியே கற்சுரங்கத்தில், சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையான பாறையில், நாற்கால் விலங்கின் தடங்கள் உள்ளன என்பதே அது! சில தடங்கள் 26 சென்டிமீட்டர் அகலம்; சிலவற்றில் விரல்களின் பதிவும் உண்டு. வாலோ வயிறோ இழுபட்ட கோடு இல்லை. அப்படியானால், டிக்டாலிக் வாழ்ந்த காலத்திற்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே கால்கள் தோன்றிவிட்டன. டிக்டாலிக் நம் நேர்மூதாதை அன்று. நெடுங்காலம் நிலைத்திருந்த பழைய உறவினமே என்றாகிறது.

இவை மீன்கள் இரை தேடித் தோண்டிய குழிகள் என்று மறுப்போரும் உளர். இங்கேதான் தடத்தைப் படிக்கும் முறை பயன்படுகிறது. தனிப் பள்ளம் ஒன்றை ஐயுறலாம். இடமும் வலமும் மாறி மாறி, சீரான இடைவெளியில் பள்ளங்கள் தொடர்ந்தால், அது நடையைக் குறிக்கும். அந்த வரிசையே வாதத்தின் உயிர்நாடி.

அவ்விலங்கின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. 'எலும்பு இல்லை, எனவே விலங்கும் இல்லை' என்று முடிவு கட்டியிருந்தால் இவ்வினாவே எழுந்திராது. நண்பர்களே, களப்பயணத்தில் பாறையைக் காணும்போது, அதில் என்ன புதைந்துள்ளது என்பதோடு, அதன்மேல் யார் நடந்தார் என்றும் கேட்போமாக!