காதுக்குப் பதில் கம்ப்யூட்டர்

கார்புரேட்டரைக் கரைத்துக் குடித்த மெக்கானிக்குகளை மிரட்டுகிறது ஒரு சின்ன சென்சார்

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே நெருக்கியடித்துக் கிடக்கிறது ஜோகுபாளையம். கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும் இதுபோன்ற பெங்களூர்ப் பேட்டைகளில் பைக் மெக்கானிக்குக்கு ஒரு காலத்தில் இரண்டே கருவிகள் போதும்: ஸ்குரூடிரைவர், நல்ல காது. என்ஜின் சத்தத்தைக் கேட்டபடியே கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று திருப்பினால் வண்டி சீராகிவிடும்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பிஎஸ்-6 தரம் இல்லாத வாகனங்களை விற்கக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய தரத்தை எட்ட கம்பெனிகள் கார்புரேட்டரைக் கைகழுவின. ஹீரோ ஹோண்டா கிளாமர் 2006-லேயே அறிமுகப்படுத்திய ஃப்யூவல் இன்ஜெக்ஷன் இப்போது சாதாரண ஸ்கூட்டருக்கும் வந்துவிட்டது. பெட்ரோலை அளந்து ஊற்றுவது இசியூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர்.

அதன் கண்களில் ஒன்றுதான் த்ராட்டில் பொசிஷன் சென்சார். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்குகிறோம் என்பதை அது வோல்ட் கணக்கில் சொல்கிறது. சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கப்படுகிறது. பொதுவாக த்ராட்டில் மூடியிருக்கும்போது அரை வோல்ட்டை ஒட்டியும், முழுக்கத் திறந்தால் நாலு வோல்ட்டுக்கு மேலும் திரும்பி வரும். ‘மூடிய நிலை’ எது என்று இசியூவுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் தொல்லைதான். வண்டி நின்றிருக்கும்போதே என்ஜின் இரையும், சிக்னலில் அணைந்துபோகும், கிளம்பும்போது திணறும்.

கரி படிந்த த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலோ, சென்சாரை மாற்றினாலோ இந்த அளவு மாறக்கூடும். சில மாடல்களில் இசியூ தானாகவே புது அளவைக் கற்றுக்கொள்ளும். மற்றவற்றில் சொல்லிக்கொடுக்க வேண்டும். சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ உள்ள கனெக்டரில் கேபிளைச் செருகி, லேப்டாப்பிலோ மொபைலிலோ சாஃப்ட்வேரைத் திறந்தால் வோல்ட் அளவு திரையில் ஓடும். பி0122 என்ற கோடு வந்தால் சென்சார் சிக்னல் அளவுக்கு மீறிக் குறைவு. பி0123 என்றால் அதிகம். முதலில் ஒயரும் கனெக்டரும் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு கையை எடுத்து, த்ராட்டில் முழுக்க மூடிய நிலையில் ‘ரீசெட்’ கொடுக்க வேண்டும். கடைசியாக மெல்ல முறுக்கி, அளவு குதிக்காமல் ஏறுகிறதா என்று சோதிக்க வேண்டும். எல்லாம் சில நிமிட வேலை.

சாஃப்ட்வேர் கைவசம் இல்லாதவர் பழைய பழக்கத்தில் த்ராட்டில் நிறுத்தத் திருகைத் திருப்புகிறார். கம்பெனியில் அளந்து வைத்த நிலை அதோடு போயிற்று. நோய் ஒன்று இரண்டாகிறது.

சிக்கல் திறமையில் இல்லை, சாவியில் இருக்கிறது. கம்பெனிகளின் முழு சாஃப்ட்வேர் பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களுக்கே கிடைக்கிறது. வெளிச்சந்தையில் விற்கும் ஸ்கேனர் எல்லா மாடலுக்கும் பொருந்துவதில்லை. கோடைப் படிக்கும் கருவிகள் எல்லாவற்றாலும் ரீசெட் செய்ய முடியாது. இசியூ தயாரிக்கும் பாஷ் நிறுவனத்தின் இந்தியத் தலைமையகம், பெங்களூர்வாசிகள் இன்னும் மைக்கோ என்று சொல்லும் அதே இடம், ஆடுகோடியில்தான் இருக்கிறது. ஜோகுபாளையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான்!

கார் உலகில் இந்தச் சண்டை முன்பே நடந்தது. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக, 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது, ஆட்டோமொபைலும் அதன் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது.

ஆனால் உரிமை என்ற சொல் மட்டும் வண்டியைக் கிளப்பாது. அரை வோல்ட்டைத் திருத்தும் வழி தெருமுனைக் கடைக்கும் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டம் மெக்கானிக்குக்கு மட்டுமல்ல. சில நிமிட வேலைக்காக ஒரு நாள் முழுக்க சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டு, அன்றைய வருமானத்தை இழக்கும் டெலிவரி இளைஞருக்கும்தான்.