உங்களுக்குத் தெரியுமா? பைக்குள் அடங்கும் கணினி

கையோடு எடுத்துப் போகலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டு, நன்றாக விற்பனையும் ஆன ஆரம்பகாலக் கணினி ஆஸ்போர்ன் 1. ஆண்டு 1981, விலை 1,795 டாலர், எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம்தான். உள்ளே பேட்டரி கிடையாது. போன இடத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டும். விமான இருக்கைக்கு அடியில் நுழைந்துவிடும் என்பது அதன் பெருமை. ஒன்றேகால் கிலோ லேப்டாப்புக்கே தோள் வலிக்கிறது என்பவர்கள் கவனிக்க.

★

விலை குறைந்த குட்டி லேப்டாப்புக்குத் தனிச் சந்தையை உருவாக்கியது தைவானின் அசுஸ் நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த ‘ஈ பிசி 701’. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, 4 ஜிபி சேமிப்பிடம், லினக்ஸ். அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் ‘நெட்புக்’ எனப்பட்ட இந்தக் குட்டி லேப்டாப்புகளோடு களத்தில் இறங்கின. அப்போதைய விண்டோஸ் விஸ்டா அந்தச் சிறிய இயந்திரங்களுக்குப் பெரும் சுமை. அதனால் ஓய்வுபெறவிருந்த எக்ஸ்பிக்கு, இவற்றுக்காகவே 2008-ல் மைக்ரோசாஃப்ட் பணி நீட்டிப்பு கொடுத்தது. அடுத்து வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு இன்னும் வேடிக்கை. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. குழந்தையின் போட்டோவை வைக்க ஆசைப்பட்டால் அதற்கு மேற்பட்ட பதிப்பை வாங்க வேண்டும்!

★

பெட்டியின் மேல் ‘64 ஜிபி’ என்று போட்டிருக்கும். வீட்டுக்கு வந்து திறந்தால் விண்டோஸ் 59 ஜிபி சொச்சம்தான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1,000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் பெருக்குகிறது, வித்தியாசம் அங்கேதான். அந்த 59-லும் இயங்குதளத்துக்கு ஒரு பெரும் பங்கு போய்விடும். விண்டோஸ் 11-ஐ நிறுவக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபிதான். குடிபோகும் முன்பே வீட்டுக்காரர் பாதி அறைகளைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போன வாடகை வீடு அது. சில மாதங்களில் ‘அப்டேட் செய்ய இடம் போதவில்லை’ என்ற அறிவிப்பு வரும். ஊட்டியில் எடுத்த வீடியோக்களை அழிப்பதா, பிள்ளையின் பாடக் கோப்புகளை அழிப்பதா என்று குடும்பத்துக்குள் பஞ்சாயத்து நடக்கும்.

இதில் முக்கியமான சங்கதி வேறு. மலிவான மாடல்களில் வரும் ‘இ.எம்.எம்.சி’ சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கழற்றி மாற்ற முடியாது. ‘எம்.2 எஸ்.எஸ்.டி’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். ரேமுக்கு எதிரே ‘ஆன்போர்டு’ என்றோ ‘சோல்டர்டு’ என்றோ இருந்தால் அதற்கும் இ.எம்.எம்.சியின் விதிதான். கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 4 ஜிபியை வாங்கிவிட்டு ‘அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னைக் கேட்டால், தள்ளுபடியில் வரும் பையையும் மவுஸையும் விட்டுவிட்டு அந்தப் பணத்தை இங்கே போடுவேன்.

★

11.6 அங்குலத்துக்கும் 14 அங்குலத்துக்கும் வித்தியாசம் இரண்டரை அங்குலம்கூட இல்லையே என்று தோன்றும். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை எடுப்பது. பரப்பளவைப் பார்த்தால் 14 அங்குலத் திரை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரியது.

அளவோடு 1366 × 768 என்ற எண்ணையும் பாருங்கள். உயரத்தில் 768 புள்ளிகள்தான். மேலே பிரவுசரின் பட்டைகளும் கீழே டாஸ்க்பாரும் போக, ரயில் டிக்கெட் படிவத்தின் கடைசிப் பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். 1920 × 1080 என்றால் புள்ளிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

★

கடையில் லேப்டாப்புக்கு நேர் எதிரே நின்று பார்ப்போம். வீட்டில் நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது நேர் எதிரே இருப்பவர் ஒருவர்தான். ‘டிஎன்’ வகைத் திரையைச் சற்று மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தாலே நிறம் வெளுக்கும், முகங்கள் கறுக்கும். ‘ஐபிஎஸ்’ திரையில் இந்தத் தொல்லை குறைவு. மேசைக்குப் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து, பிறகு குனிந்து பாருங்கள். விற்பனையாளர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

★

செகண்ட் ஹேண்டு லேப்டாப்பா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் இன்டெல் கோர் சில்லுகள், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையில் இருந்துதான் தொடங்குகின்றன. ஐ5-7200 என்றால் ஏழு, ஐ5-8250 என்றால் எட்டு. கோட்டுக்குப் பின்னால் எண் எப்படித் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

★

குரோம்புக்குக்குக் காலாவதித் தேதி உண்டு! 2021-லும் அதற்குப் பிறகும் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டுகள் அப்டேட் தருவதாக கூகுள் 2023-ல் அறிவித்தது. ஆனால் அந்த 10 ஆண்டுகள் நீங்கள் பில் போட்ட நாளில் இருந்து தொடங்குவதில்லை. அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளிவந்த நாளில் இருந்தே ஓடத் தொடங்கிவிடும். கிடங்கில் நாலு வருஷம் கிடந்தது பாதி விலைக்கு வருகிறதென்றால், ஆயுளில் நாலு வருஷம் கழிந்துவிட்டது என்று பொருள்.

★

விமானத்தில் கொண்டுபோக லேப்டாப் பேட்டரி 100 வாட் ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை. வோல்டேஜை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 7.6 வோல்ட், 5,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் 38. சின்ன லேப்டாப்புகள் சுலபமாகத் தேறும். சிக்கல் பவர் பேங்கில்தான். 3.7 வோல்ட் கணக்கில் 20,000 என்பது 74. 30,000 என்பது 111, எல்லையைத் தாண்டிவிட்டது. எந்த அளவானாலும் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

★

விளம்பரத்தில் சொல்லும் எடையில் சார்ஜர் சேராது. அந்தச் சார்ஜரைத் திருப்பிப் பிடித்தால் கண்ணை இடுக்கிப் படிக்கும்படி ‘இன்புட் 100–240 வோல்ட்’ என்று இருக்கும். ஜப்பானின் 100 வோல்ட்டுக்கும் நம் வீட்டு 230-க்கும், ரயில் பெட்டியில் வரும் 110-க்கும் அது ஒத்துப்போகும். வெளிநாட்டில் பிளக்கின் கால்களுக்கு மட்டும் ஒரு அடாப்டர் தேவை. யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலானால் இன்னும் நல்லது, அதே சார்ஜரில் போனும் ஏறும். ஆனால் யுஎஸ்பி-சி ஓட்டை இருப்பதாலேயே சார்ஜ் ஏறிவிடாது. ‘பவர் டெலிவரி’ உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

★

தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் தேடி அலைய வேண்டாம். தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை அமைப்புகளும் இப்போதைய விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டால், தமிழ்99 பழகிய தாத்தாவும் ‘அம்மா’வை ஆங்கில எழுத்துகளில் அடிக்கும் பேத்தியும் ஒரே லேப்டாப்பில் சண்டையில்லாமல் எழுதலாம். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்.